தார்ப்பாய்க்குக் கீழே

"குளமா? நம்ம கொல்லையிலயா?"

"ஏன், நான் வெட்டக் கூடாதா?"

"வெட்டு, வெட்டு. மண்வெட்டில எந்தப் பக்கம் புடிக்கணும்னு மொதல்ல தெரியுமா?"

"ஒரு முட்டைய ஒழுங்கா உடைக்கத் தெரியாத ஆளுக்கு என்ன நக்கல்!"

சார்லஸ் சிரித்தான். கையிலிருந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "சரி, வெட்டி முடி. நான் வர்றப்ப அதுல காலை விட்டுக்கிட்டு காப்பி குடிக்கிறேன்" என்றான்.

அது ஆடி மாதத்தில், பாரிஸிலிருக்கும் புருஷனோடு வீடியோ காலில் பேசியது. 'நான் வர்றப்ப' என்ற அந்த இரண்டு வார்த்தையைக் கிறிஸ்டி பல நாள் மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எப்ப வருவீங்க என்று அன்றைக்கும் கேட்கவில்லை.

இப்போது ஐப்பசி. இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. முருங்கை மரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும், கருக்களாச்சேரிப் பக்கமிருந்து மந்தமாக வரும் கடல் சத்தமும் தவிர வேறு ஓசையில்லை. காப்பி டம்ளரோடு கொல்லைப் படியில் வந்து நின்றவள் குளத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

குளத்தின் நடுவில் கறுப்புத் தார்ப்பாய் புடைத்திருந்தது.

பெரிய புடைப்பு இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு கையளவுதான் தெரிந்தது. வழவழவென்று, ஈரமாக. அதன் மேல் ஒரு முருங்கையிலை ஒட்டியிருந்தது. நேற்று மாலை அந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தது. மீன்கள் அதில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது அவையெல்லாம் ஒரு ஓரமாக, அல்லித் தொட்டிக்குப் பின்னால் கூட்டமாக ஒதுங்கி அசையாமல் நின்றன.

அந்த வருஷத்தில் அவளுக்கு நன்றாகப் போன நாட்கள் என்றால் குளம் வெட்டிய நாட்கள்தான். தோட்டத்துக் குழாயைத் தரையில் வளைத்துப் போட்டு வடிவம் பார்த்தாள். மேலே வெள்ளை மணல், அதில் பொடிப்பொடியாகச் சிப்பி. அதற்குக் கீழே பழைய சவுக்கு வேர்கள். மண்வெட்டியில் சிக்கி இழுத்தால் முடிக் கொத்து மாதிரி வந்தன. உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. இன்னும் கொஞ்சம் ஆழம் போனதும் மணல் கறுத்து ஈரமானது, ஒரு வாசனையும் வந்தது. சேற்று நாற்றம் என்று சொல்ல முடியாது. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்த ஒரு ஆள் கழற்றி மூலையில் போட்ட சட்டையின் வாசனை அது. உப்பும் வியர்வையும். இந்த வீட்டில் அப்படி ஒரு வாசனை வந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டே வெட்டினாள்.

மற்றதெல்லாம் யூடியூபைப் பார்த்துச் செய்தது. சேலத்துப் பக்கம் யாரோ ஒருவர் செம்மண்ணில் வெட்டிக் காட்டியிருந்தார். குழியைத் தட்டிச் சமமாக்கு, பழைய சாக்குகளை விரி, அதன் மேல் கனமான தார்ப்பாயைப் போடு, ஓரத்தில் கல்லடுக்கு, தண்ணீர் விடு. அவர் சொன்னபடியே எல்லாம் செய்தாள்.

"ஏம்மா கிறிஸ்டி, என்ன அப்புடியே நிக்கிற? மீனு செத்துப் போச்சா?"

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நபீசா. பிள்ளைகள் இரண்டு பேரும் துபாயில். இந்தத் தெருவில் கிறிஸ்டியோடு தினமும் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

"இல்லக்கா. இங்க வந்து பாருங்களேன். நடுவுல மேடு தட்டியிருக்கு."

நபீசா செங்கல் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். "யா அல்லா! யாரோ போத்திக்கிட்டுப் படுத்த மாதிரில்ல இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "கீழ்த்தண்ணிம்மா அது. மழை புடிச்சா இந்தத் தெருவுல தண்ணி மேலேருந்து வர்றதைவிட கீழேருந்து வர்றதுதான் ஜாஸ்தி. எங்கூட்டு செப்டிக் டேங்கே ஒரு தடவை மெதந்து எழும்பிச்சு, தெரியும்ல? நீ பாட்டுக்கு பாயைப் போட்டுப் பொத்திட்ட. அது எங்க போவும்? பாயைத் தூக்கிக்கிட்டு மேலதான் வரும்."

"இப்ப என்னக்கா பண்றது?"

"நாலு கல்லைத் தூக்கி வையி. இல்லாட்டி ஒரு ஓட்டை போட்டு விடு, உள்ள இருக்குறது வெளிய வந்துட்டுப் போவட்டும்."

"வேணாங்க்கா. எல்லாத் தண்ணியும் வடிஞ்சிடும்."

"அதுவும் சரிதான்." நபீசா கொஞ்ச நேரம் புடைப்பையே பார்த்தாள். "முன்னாடி இது சவுக்குத் தோப்பு. கடல் உள்ள வந்த வருஷம் இங்க வரைக்கும் தண்ணி. எத்தினி பேரு கெடைக்காமலே போயிட்டாங்க… சரி, அது எதுக்கு இப்ப. டீ போட்டிருக்கேன், வர்றியா?"

கிறிஸ்டி போனாள். டீ குடித்தாள். வந்து கல் வைத்தாள். கரையில் மிச்சமிருந்த கடப்பாக்கல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புடைப்பின் மேல் இறக்கியதும் அது மெதுவாக உள்ளே போனது. போகும்போது எங்கிருந்தோ ஒரு நீளமான காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. தண்ணீருக்கு மேல் குமிழிகள் வந்து உடைந்தன. அந்தச் சட்டை வாசனை.

மறுநாள் கற்கள் எல்லாம் சரிந்து ஒரு பக்கமாகக் கிடந்தன. புடைப்பு மறுபடியும் வந்திருந்தது. இந்த முறை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் குளத்தில் இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. நபீசா அக்கா சொன்ன கீழ்த்தண்ணிதானே என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையாலும் தார்ப்பாயை அழுத்தினாள். முதலில் மெத்தென்று அமுங்கியது. பிறகு அமுங்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக ஏதோ தட்டியது. கையை நகர்த்தினாள். சரிவு. இன்னும் நகர்த்தினாள். ஒரு நீண்ட வளைவு, பிறகு இடுப்பு மாதிரி ஒரு உயரம், அதற்கப்பால் மடக்கி வைத்த ஒரு முழங்கால்.

சார்லஸ் அப்படித்தான் தூங்குவான். ஒருக்களித்து, ஒரு காலை மட்டும் மடக்கி.

கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றிலும் அவ்வளவு குளிர்ந்த தண்ணீர், அந்த ஒரு இடம் மட்டும் உடம்புச் சூடு. கை மெதுவாக மேலே தூக்கப்பட்டது, மெதுவாகக் கீழே இறங்கியது. மறுபடியும் மேலே. யாராவது தூங்கும்போது முதுகில் கை வைத்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. எத்தனை வருஷம் கழித்து அவள் கைக்குக் கீழே ஒரு மூச்சு. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாளோ தெரியாது. நபீசா வீட்டுக் குக்கர் விசில் அடித்ததும் திடுக்கிட்டுக் கரைக்கு ஏறினாள். பயத்தில்தான் ஏறினாள். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே, கையை எடுத்துவிட்டோமே என்று ஒரு சின்ன ஏக்கமும் இருந்தது. அதை நினைக்கும்போதுதான் அவளுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

அன்று மாலை சார்லஸ் கூப்பிட்டான். பாரிஸில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. அங்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது இங்கே விளக்குப் போடுகிற நேரம். வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது, எப்போதும் கொல்லைப் படியில் நின்றுதான் பேசுவாள். அன்றும் அங்கேதான் நின்றாள். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"என்னங்க" என்றாள்.

"ம்."

"இந்தக் குளத்துல என்னமோ சரியில்லைங்க. எனக்குப் பயமா இருக்கு."

"ம்."

"நபீசாக்கா கீழ்த்தண்ணின்னு சொல்றாங்க. ஆனா அது வந்து… என்னங்க, கேக்குறீங்களா?"

"ம்."

அப்போதுதான் போனில் கரகரப்பு. அதற்குப் பிறகு சார்லஸின் குரல் சத்தமாக வந்தது. "ஹலோ? ஹலோ கிறிஸ்டி? கேக்குதா? அப்போலேருந்து கத்துறேன், உன் பேச்சே வரலை."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.

"நீங்கதான ம், ம்னு சொன்னீங்க?"

"நானா? எனக்கு எதுவுமே கேக்கலையேடி. என்ன சொன்ன?"

முதுகுக்குப் பின்னால் தார்ப்பாய் மெல்லச் சுருங்கும் சத்தம். படுத்திருந்தவர் புரண்டு படுப்பது மாதிரி.

"ஒண்ணுமில்லங்க. யாரையோ… உங்களைத்தான் கூப்பிட்டேன்."

"அதான் சொல்றேன், பேரைச் சொல்லிக் கூப்பிடுன்னு." அவன் வழக்கமான கேலிக்கு வந்துவிட்டான். "என்னங்க என்னங்கன்னா யாரைன்னு யாரு கண்டா? காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல நின்னு அப்படிக் கூப்பிட்டுப் பாரு, பத்து பேரு திரும்பிப் பாப்பான்."

"போங்க. பேரெல்லாம் வாயில வராது."

"ஒரு தடவை சொல்லேன், கேப்போம். சார்லஸ். அவ்ளோதான்."

அவள் சிரிக்க முயன்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் கேட்டபோதுகூட உதட்டை அசைத்ததோடு சரி. போனில்கூட அவன் எண்ணை 'வீட்டுக்காரர்' என்றுதான் வைத்திருந்தாள்.

உதட்டில் வராத இன்னொன்றும் இருந்தது. 'வந்துடுங்க.' கல்யாணமான புதிதில் அவன் விமானம் ஏறிய அன்று அழுதுகொண்டு நின்றவளை மாமியார் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னது: "சொல்தா வீட்டுப் பொம்பள வான்னு கூப்பிடக் கூடாதுடி. கூப்பிட்டா அங்க அவங்களுக்குக் கால் நிக்காது. வர்ற அன்னிக்கு வருவாங்க." பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த புருஷனுக்காக மாமியாரும் அப்படியே காத்திருந்தவள்தான். கிறிஸ்டி ஒரு குளிர்காலம் பாரிஸுக்குப் போய் இருந்தாள். மாமியார் படுக்கையில் விழவும் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு திரும்பக் கூப்பிட அவனுக்கும் தோன்றவில்லை, கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை. குழந்தையும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இந்தச் சாயங்காலப் பேச்சு மட்டும் மிஞ்சியது. அதுவும் இப்போது தினமும் இல்லை.

மழை வலுத்தது. கிறிஸ்டி கொல்லைப் பக்கம் போவதை நிறுத்தினாள். துணியைக் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள். கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாள். மீனுக்குத் தீனி போடவில்லை, அதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கதவைச் சாத்தினால் சத்தம் நிற்குமா? அரிசி களையும்போது கேட்டது. ஜெபமாலை சொல்லும்போது கேட்டது. கனமான பிளாஸ்டிக் மடங்கி விரியும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். சமையற்கட்டு ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு தடவை பார்த்தாள். தார்ப்பாய் இப்போது கிடைமட்டமாக இல்லை. குளத்தின் நடுவில் அது உட்கார்ந்திருந்தது.

தலை குனிந்து. வீட்டைப் பார்த்து.

தண்ணீர்தான். கீழ்த்தண்ணிதான். ஜன்னலைச் சாத்தினாள்.

பகலில் பேச்சுவாக்கில் "என்னங்க" என்ற வார்த்தை வாயில் வந்தாலே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தனியாக இருக்கும் பெண் தனக்குள் பேசிக்கொள்வது எவ்வளவு அதிகம் என்று அப்போதுதான் தெரிந்தது. பால் பொங்கினால் என்னங்க. பல்லி விழுந்தால் என்னங்க. வருஷக்கணக்காக யாருமில்லாத வீட்டில் அவள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

ஒருத்தர் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

புயல் சின்னம் என்று டிவியில் சொன்ன அன்று நபீசா நாகூருக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். "நீயும் வாயேம்மா. தனியா கெடந்து என்ன செய்யப்போற?" என்றாள். கிறிஸ்டி மறுத்துவிட்டாள். அன்று மாலை சார்லஸ் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்ததா என்று அன்றைக்குத்தான் தெரியும். கிடைக்காவிட்டால் கேட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். மாமியார் சொன்னது மாமியாரோடு போகட்டும். இதற்கு மேல் இந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது. கேட்டே ஆக வேண்டும்.

மதியத்திலிருந்தே வானம் இருண்டுகிடந்தது. சாயங்காலம் கரண்டு போனது. எமர்ஜென்சி விளக்கைச் சமையற்கட்டு மேடையில் வைத்தாள். கொல்லைப் படியை விட்டால் வீட்டுக்குள் சமையற்கட்டில்தான் கொஞ்சமாவது சிக்னல் இருந்தது. போன் அடித்ததும் காதோடு அழுத்திக்கொண்டாள். சுவரில் சாய்ந்தாள். ஜன்னலையும் கொல்லைக் கதவையும் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிறிஸ்டி, லீவு குடுக்கலை. இந்த வருஷமும்… கோவிச்சுக்காத."

அவள் போனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஏதாவது சொல்லு."

"சொல்றேன்" என்றாள். "ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு."

"ம்."

அந்த 'ம்' எவ்வளவு கனிவாக இருந்தது. சொல்லு, நான் கேட்கிறேன் என்கிற மாதிரி. அவளுக்குக் கண் நிறைந்தது.

"எனக்கு இந்த வீட்ல முடியலைங்க. நீங்க தப்பா நெனைக்கக் கூடாது."

"ம்."

"அத்தை சொன்னாங்கன்னுதான் இத்தினி வருஷமும் வாயைத் தொறக்கல. ராத்திரில கட்டில்ல உங்க பக்கம் துணியை மடிச்சு வச்சிக்கிட்டுத் தூங்குறேன். காலியா இருந்தாப் பயமா இருக்கு."

"ம்."

மழைச் சத்தம் கூடியது. திடீரென்று, கதவு திறந்திருந்தால் கேட்கும் மழைச் சத்தம். பாதத்தில் ஈரக் காற்று பட்டது. உப்பு. வியர்வை. கழற்றிப் போட்ட சட்டை.

போனை அவள் வலது காதில் வைத்திருந்தாள்.

'ம்' இடது பக்கத்திலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். போன் அணைந்திருந்தது. எப்போது அணைந்தது? கையில் சில்லென்று, கறுப்பாகக் கிடந்தது.

இரண்டு தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தன. கதவுதான் நிலையிலிருந்து சாய்ந்து ஒரு பக்கம் கிடந்தது.

நிலைக்கு வெளியே நின்றது அது. தலையிலிருந்து கால்வரை தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு. தூக்கம் கலைந்து போர்வையோடு எழுந்து வந்த ஆம்பளை மாதிரி. ஆள் உயரம். தார்ப்பாய் மடிப்புகளிலிருந்து கறுப்பு மணல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன மீன் படியில் விழுந்து துள்ளியது. எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சம் அதன் முகத்தில் பட்டது. முகம் இருக்க வேண்டிய இடத்தில். அங்கே வாய்க்கு நேராகத் தார்ப்பாய் உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. உள்ளே. வெளியே.

வாசற்படியை அது தாண்டவில்லை.

காத்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

பெயரைச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வழி. யாரைக் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டால் போதும். இது அவனில்லை என்று ஆகிவிடும். நாக்கை மடக்கினாள். முதல் எழுத்துக்காகப் பல்லைக் கடித்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும். ஒரே ஒரு பெயர். நான்கு எழுத்து, அதில் இரண்டு புள்ளி. வாய் அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

நெஞ்சில் இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது தொண்டைக்கு ஏறிவிட்டது. கீழிருந்து மேலே. இனி எதைப் போட்டும் பொத்த முடியாது.

"என்னங்க" என்றாள்.

"ம்."

"வந்துடுங்க. வீட்டுக்கு வந்துடுங்க."